ஐஸ்கட்டி அண்ணே அளந்த குளிர்

ஈப்போவில் ஐஸ்கட்டி அண்ணே அளவுக்கு வெயிலை நேரடி எதிரியாக நினைத்தவர் யாரும் இருந்ததில்லை. ஏர்கோன் மாட்டுவது அவர் தொழில். ஜன்னலை அடைக்கும் பெட்டி போய், சுவரில் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு துண்டாய் ஏர்கோன் வரத் தொடங்கிய காலம் அது. எந்த வீட்டுக்கு எத்தனை குதிரைசக்தி என்று கண்டுபிடிக்க மற்றவர்கள் அறையின் நீள அகலம் பார்ப்பார்கள். அண்ணேயிடம் அளவு நாடாவே கிடையாது. சாக்கில் சுற்றிய ஐஸ்கட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அதை ஒரு பேசினில் போட்டு நடுஹாலில் வைத்துவிட்டு, கோப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். சட்டென்று உருகினால் பெரிய மெஷின், இழுத்தடித்தால் சின்னது.

ஒரு வீட்டில் அவர் கண்ணசந்த நேரம் பிள்ளைகள் ஐஸை உடைத்து, சிராப் ஊற்றித் தின்றுவிட்டார்கள். விழித்துப் பார்த்தவர், "இந்த வீட்டுக்கு மூணு குதிரை வேணும்லா" என்றாராம்.

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஸ்டெல்லா அக்காவுக்காக. அதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் ஹாலின் புழுக்கம் தாங்காமல், தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள், திரும்பவே இல்லை. அடுத்து லூமுட்டிலிருந்து வருகிறார்கள். இந்தச் சம்பந்தமும் வியர்த்து ஓடிவிடக் கூடாதென்று அம்மா உறுதியாக இருந்தார்.

ஏர்கோன் கடை விளம்பரத்தை மனப்பாடம் செய்திருந்த நான், "ஒரு குதிரை போதும்ணே" என்றேன்.

"விளம்பரத்துக்கு வேர்க்காது தம்பி. ஐஸ் சொல்லட்டும்."

ஐஸ் சொல்வதைக் கேட்க எங்கள் லோரோங்கில் இருந்த அத்தனை வீட்டாரும் ஹாலில் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் மூச்சில் ஐஸ் என்ன செய்யும்? ஐயோ என்று தண்ணீரானது.

"ரெண்டரை குதிரை" என்றார் அண்ணே. நானும் தலையாட்டினேன்.

லூமுட்டிலிருந்து வந்ததோ மாப்பிள்ளையும் அவர் பெற்றோரும் மட்டும். மெஷினைக் கவனித்துக்கொள்ள வந்த அண்ணே, மாப்பிள்ளைக்குச் சமமாக வெள்ளைச் சட்டை போட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துக் காதை மூடினார். மாப்பிள்ளை கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்.

"ஏர்கோனை அடைச்சிரவாம்மா?" என்று அம்மாவின் காதில் கேட்டேன்.

"சும்மா இருடா. கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க."

தேநீரோடு வந்த அக்கா, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கம்பளி எடுத்து வந்து அவருக்குப் போர்த்திவிட்டு, நேராகப் போய் ஏர்கோனை அணைத்தாள்.

"இங்க ரொம்ப குளிருது அத்தை. வாங்க, குசினிக்குப் போலாம். அடுப்பு இருக்கு."

எங்கள் அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆனால் அந்த அம்மாள் அடுப்பருகே உட்கார்ந்து, சூடான தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பிள்ளை எங்க வீட்டுக்கே வரட்டும்."

குசினி வாசலில் முகம் தொங்கிப்போய் நின்ற அண்ணே அம்மாவிடம் சொன்னார்: "அளவு தப்பிருச்சுக்கா. சின்னது மாத்திர்றேன்."

"அதுல கை வைக்காதீங்க அண்ணே" என்றார் அம்மா.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் பெண் வீட்டுப் பக்கத்து முதல் பெஞ்சில், தாய்மாமனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அம்மா ஐஸ்கட்டி அண்ணேயை உட்கார வைத்தார்.