தாங்கள் கொண்டுபோன வலப்பக்கப் பெட்டி குறித்து

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம். இவ்விடத்தில் நான் ஒருவன் மட்டுமே இருப்பதால் 'அனைவரும் நலம்' என்று எழுத வழியில்லை. எங்கள் மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதக் கணக்கில் கிளம்பிப் போன தங்கள் அக்காள், பேரன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான், இன்னும் திரும்பவில்லை. தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும், தங்கள் மரப்பட்டறையும் நலமென்று நம்புகிறேன். பதினொரு வருடம் கழித்து மாமா எழுதுகிறாரே என்று தாங்கள் ஆச்சரியப்பட வேண்டாம். நடுவில் மூன்று தடவை எழுதினேன். தபாலில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். போனில் பேசலாமே என்பீர்கள். பேசினால், "சாப்டீங்களா மாமா?" என்று தாங்கள் கேட்பீர்கள், "ஆச்சு, நீ?" என்று நான் கேட்பேன், "ஆச்சு" என்பீர்கள், வைத்துவிடுவோம். போன தடவை அப்படித்தான் ஆயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் தாங்கள் வீடு மாறப் போவதாகவும், போகிற வீடு சின்னது என்பதால் நம் ஸ்பீக்கர் பெட்டியை யாராவது கேட்டால் கொடுத்துவிடப் போவதாகவும் தங்கள் அக்காள் போனில் சொன்னாள். அத்தோடு விட்டாளா? இத்தனை வருடமாகத் தாங்கள் அந்தப் பெட்டியின் மேல் செடித்தொட்டி வைத்திருந்த சங்கதியையும் சொன்னாள். செடித்தொட்டி! உள்ளே எட்டு அங்குல ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறது, அதன் தலையில் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து பெட்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அது ஜோடியில் ஒன்று. காலில் கிடக்கும் செருப்பில் ஒன்றை மட்டும் கழற்றி யாராவது இன்னொருவருக்குக் கொடுப்பார்களா?

பழசைக் கிளறுவதாக நினைக்கக் கூடாது, ஆனால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைத்துவிடுவது இருவருக்கும் நல்லது. ஆம்ப்ளிபயரும் வயர் வேலையும் என்னுடையவை, பெட்டி இரண்டும் உங்களுடையவை. நீங்களும் இதே ஊரில் இருந்த காலம் அது, ஏழு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்தோம். நீங்கள் இழைத்த மரத்தூள் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் கிடக்கிறது, உங்கள் அக்காளின் துடைப்பம் அதுவரை எட்டியதில்லை, இப்போது கூட்டுவதற்கே ஆள் இல்லை என்பது வேறு விஷயம். வேலை முடிந்த அன்று வீடு கொள்ளாமல் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டைப் போட்டால், வயிற்றில் வந்து இடிக்க வேண்டிய அந்த அடிச் சத்தத்தைக் காணோம். கூடத்தின் நடுவில் நின்று பாட வேண்டியவர் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுவது போல இருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் மரியாதைக்கு, "நல்லா இருக்கு அண்ணே, ஆனா யாரோ காதுல பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றார். உடனே நீங்கள் அத்தனை பேர் முன்னாலும், "மாமா, ஒரு பெட்டியில சிவப்பு வயரும் கருப்பு வயரும் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. பின்னாடி மாத்திச் சொருகிப் பாத்துடலாம், ரெண்டு நிமிஷ வேலை" என்றீர்கள். யாரிடம்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் வயரோடு குடும்பம் நடத்தியவனிடம்! ஒரே கேபிளுக்குள் நூறு நிறம் பார்த்தவனுக்கு சிவப்பு எது கருப்பு எது தெரியாது என்றால் கோபம் வருமா வராதா? "உன் பெட்டியிலதான் ஓட்டை, காத்து கசியுது" என்று நானும் சொன்னேன், சொன்னதை மறுக்கவில்லை. "அப்படின்னா பின்பலகையைக் கழட்டிப் பாப்போம்" என்றாய். கழற்றினால் என்னை நம்பவில்லை என்று அர்த்தம், மாற்றிச் சொருகினால் நான் தப்பை ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம், ஆகவே இரண்டுக்கும் விடமாட்டேன் என்றேன். அப்படியே ஏதாவது மாறியிருந்தாலும், பின்பலகையைப் பூட்டும்போது நீதான் வயரை இழுத்து இடம் மாற்றி மாட்டியிருப்பாய் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். "என் மரம் எனக்கு, உங்க வயர் உங்களுக்கு"ன்னு கத்திட்டு வலப்பக்கப் பெட்டியை வண்டியில ஏத்திட்டுப் போயிட்டே. உன் மரம் பாதி இங்கே நின்றுவிட்டது, என் வயர் பாதி அங்கே போய்விட்டது. பாகம் பிரிக்கக்கூடத் துப்பில்லாத இரண்டு பேர்.

'தாங்கள்' என்று ஆரம்பித்தது 'நீ' என்று வந்துவிட்டது. இருக்கட்டும், அடித்து எழுதினால் கடிதம் அசிங்கமாகும்.

அன்றிலிருந்து எனக்கு இடப்பக்கம்தான். பழைய ஜோடிப் பாட்டுகளில் ஆண் குரலை ஒரு பக்கமும் பெண் குரலை ஒரு பக்கமுமாகப் பதிவு செய்திருப்பார்கள். என் பக்கம் ஆண். அவன் கெஞ்சி ஒரு கேள்வி கேட்கிறான். பதில் இல்லை. கொஞ்ச நேரம் வெறும் தாளம் போகிறது. மறுபடியும் கேட்கிறான். பதினொரு வருடமாக அந்த ஆளுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தையும் கலந்து ஒரே பெட்டியில் விடலாமே என்பாய். விட்டுப் பார்த்தேன். ஒரே வாசலில் எல்லாரும் முட்டிக்கொண்டு வருவது போல இருந்தது, பழையபடியே வைத்துக்கொண்டேன். மாதம் ஒரு ஞாயிறு இங்குள்ள ஆடியோ பைத்தியங்கள் நாலு பேர் கூடுகிறோம். ஒருவர் தன் ஆம்ப்ளிபயரைப் பற்றிப் பேசுவார், மற்ற மூவரும் அவர் எப்போது மூச்சு விடுவார் என்று காத்திருப்போம். என் வீட்டில் கூடிய அன்று, எங்களில் ஒருவரான பல் டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எங்க சார்?" என்றார். "சர்வீசுக்குப் போயிருக்கு" என்றேன். பதினொரு வருடமாக சர்வீசில் இருப்பது பெட்டியா நீயா என்று எனக்கே சில நேரம் குழம்பும். அப்புறம் இன்னொன்று. கீழே தையல்காரர் மோட்டாரை மிதித்தால் மேலே என் ஸ்பீக்கரில் 'கர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் வரும். அதை ஒழிக்க ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வழி கிடைத்துவிட்டது, ஆனால் ஒழிக்கவில்லை. அந்தச் சத்தம் வந்தால் கீழே ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தபோது பாட்டு துல்லியமாகக் கேட்டது. என்னால் உட்கார முடியவில்லை.

இப்படியே போனால் சரிப்படாது என்று, வலப்பக்கப் பெட்டியை நானே செய்துவிடப் போன மாதம் முடிவெடுத்தேன். பிளைவுட் கடைக்காரர் அளவு கேட்டார், சொன்னேன். "உள்ளளவா, வெளியளவா?" என்றார். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை அச்சு அசல் உன் பார்வை. வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தினால், புதிதாக வாங்கிய ஸ்பீக்கரின் காந்தம் பின்பலகையில் போய் முட்டுகிறது. பின்பலகையில் ஓட்டை போட்டேன், ஓட்டை கை மீறிப் பெரிதாகிவிட்டது, அதை அடைக்கச் சமையலறை அலமாரிக் கதவை அறுத்தேன். கதவு விஷயம் உன் அக்காவுக்குத் தெரியாது, நீயும் மூச்சு விடாதே. பிறகு பசை. நீ இருந்தபோது ஒருவர் பிடிக்க ஒருவர் முடுக்குவோம். இப்போது பிடிக்க ஆள் இல்லாததால் நாலு பக்கமும் பசையைத் தடவிவிட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். டப்பாவில் இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. இருபது நிமிடம் கழித்து நான் விலகினேன், சட்டை விலகவில்லை. ஒரு கை, மார்பு, பாக்கெட், எல்லாம் பெட்டியோடு பெட்டி. அந்த நேரம் பார்த்து மேசை மேல் போன் அடிக்கிறது. உன் அக்கா தினமும் பதினொரு மணிக்குக் கூப்பிடுவாள், எனக்கு ஒரு நாளில் வருகிற ஒரே போன் அதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கலாமென்றால் முதுகு இடம் கொடுக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. நின்றுவிட்டது. அப்புறம் அடிக்கவில்லை. சட்டையைக் கழற்ற வேண்டியதுதானே என்று கேட்பாய். பொத்தான் எல்லாம் பெட்டிப் பக்கம் மச்சான்!

கடைசியில் காலால் தரையை உதைத்தேன். கீழேயிருந்து தையல்காரர் கையில் கத்தரியோடு ஓடிவந்தார். வாசலிலேயே நின்று, "அண்ணே, யாரைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறீங்க?" என்றார். பக்கத்தில் வந்தவர் சட்டையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "நல்ல துணி அண்ணே, வெட்ட மனசு வரல" என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார். "யோவ், வெட்டுய்யா!" என்று கத்தினேன். வெட்டினார். வெட்டி முடித்ததும் அவர் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது, எனக்கும் வந்துவிட்டது. இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன், கணக்குக் கிடைக்கவில்லை. உன் அக்காவுக்குப் போன் போட்டு, குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன். "ரெண்டு தடவையுமா?" என்றாள். பிறகு வழக்கம்போல, "தம்பிகிட்ட பேசினீங்களா?" என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். பாக்கெட் மட்டும் இன்னும் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பென்சில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.

பெட்டி முடிந்தது. இந்தத் தடவை ஒருவரும் என் வயரைப் பற்றி வாய் திறக்கக் கூடாதென்று டார்ச் லைட் பேட்டரியை வைத்துச் சோதித்தேன். பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பில் தொட்டால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ள வேண்டும். தள்ளியது, கனகச்சிதம். தையல்காரரை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். பதினொரு வருடம் கழித்து அந்த ஆளுக்கு அந்தப் பெண் பதில் சொன்னாள். அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன், சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் அடிச் சத்தம்? காணோம்! இரண்டு பேரும் சேர்ந்து சமையலறைக்குள் போய்விட்டார்கள். தையல்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அண்ணே, அன்னிக்கு வெச்ச அதே பஞ்சு" என்றார். இதிலிருந்து என்ன தெரிகிறது? புதுப் பெட்டி சோதித்த பெட்டி. பழைய பெட்டியோ இத்தனை வருடமாகத் தனியாகக் கணீரென்று பாடிக்கொண்டிருக்கிறது, ஒரு குறை சொல்ல முடியாது, ஆகவே அதில் என் வயரும் சரி. மிச்சம் இருப்பது மரம். மரம் யார் வேலை? நானாக எதுவும் சொல்லவில்லை.

எனவே செடித்தொட்டியை இறக்கிவிட்டு, உன்னிடமிருக்கும் பெட்டியைத் துடைத்து, பார்சலில் அனுப்பி வைக்கவும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உன் மரவேலையின் லட்சணம் என்ன என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து நீ நேரில் வரத் தேவையில்லை. மன்னிப்பு எல்லாம் நான் எதிர்பார்க்கிற ஆளும் இல்லை, பதில் கடிதத்தில் ஒரு வரி போதும்.

இதில் வந்திருக்கும் நீ, உன், உனக்கு எல்லாவற்றையும் தாங்கள், தங்கள், தங்களுக்கு என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல காதுகளோடும் இருக்க என் ஆசிகள். தங்கள் உளியும் இழைப்புளியும் கூர் மங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமா,
இடப்பக்கப் பெட்டியின் பொறுப்பாளர்.

பின்குறிப்பு: நேற்று எழுதி முடித்து உறையில் போட்டேன், ஒட்டவில்லை. பசை என்றாலே இப்போது பயம். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு யோசனை வந்தது. புதுப் பெட்டிக்குப் பேட்டரி வைத்துப் பார்த்தவன் பழைய பெட்டிக்கு வைத்துப் பார்க்கவில்லையே என்று. வைத்தேன். கூம்பு உள்ளே போனது. பேட்டரியில் கோளாறு என்று கடைக்குப் போய் வேறு பேட்டரி வாங்கி வந்தேன். அதற்கும் உள்ளேதான் போனது. பின்பலகையில் நீ போட்ட பதினாறு திருகையும் கழற்றினேன். சிவப்பு வயர் கருப்பு முனையில் இருக்கிறது. யாரும் இழுத்து மாட்டியதில்லை, ஈயம் வைத்து ஒட்டியது, உருண்டையாகப் பளபளவென்று, சாட்சாத் என் கைவேலை. பக்கத்து மரத்தில் உன் பென்சில் எழுத்து இருக்கிறது: "வயர் மாமா வேலை. கை வைக்காதே."

மாற்றி ஒட்டிய ஸ்பீக்கரும் தனியாகப் பாடினால் சரியாகத்தான் கேட்கும் மச்சான். பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றால்தான் தப்பு தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே படித்த பாடம் இது. மறக்கவில்லை, நினைக்கத்தான் மனசு வரவில்லை. ஆகையால் மேலே எழுதியிருப்பது எல்லாவற்றையும் அடித்துவிடவும், 'இவ்விடம் நலம்' என்றதையும் சேர்த்து.

வயரை நான் இன்னும் மாத்தல. பெட்டியை அப்படியே திறந்து வெச்சிருக்கேன். ரெண்டு நிமிஷ வேலைதான். நீ வந்து பாத்து, வயிறு வலிக்கச் சிரிச்சிட்டு, நீயே மாத்து. பெட்டியைப் பார்சல்ல போடாதே, கையோட கொண்டு வா. வரும்போது பழைய சட்டையாப் போட்டுட்டு வா. அலமாரிக் கதவு பாக்கி இருக்கு, பசை வேலை, ஒருத்தர் பிடிக்கணும்.