சலிக்காத பாடம்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் செய்த உருப்படியான ஒரே காரியம், பாடப் புத்தகத்துக்குச் சார்ஜர் மாட்டியதுதான். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் தாராளமாகக் குகைக்கே திரும்பலாம்.

இந்த மகத்தான உண்மையை முதலில் உணர்ந்தவர், பாடநூல் அலுவலகத்தில் அறிவியல் பாடங்கள் எழுதிவந்தவர். சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அத்தியாயம்'. வாயைத் திறந்தால் லேசில் முடிக்க மாட்டார். அதை அவர் பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

'எதிர்காலப் புத்தகம்' பற்றிய உயர்மட்டக் கூட்டம் மூன்றாவது மாடியில் நடந்தது. லிஃப்ட் ஓடாததால் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே எதிர்காலத்துக்குள் நுழைந்தார்கள். மென்பொருள் பொறியாளரான இளம்பெண் ஒரு டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல இருக்கிற கேமரா, படிக்கிறவங்க முகத்தைப் பார்த்துட்டே இருக்கும் சார். சலிப்பு தெரிஞ்சா பாடம் தானா மாறிக்கும்."

"எப்படி மாறும்?" என்றார் இயக்குநர்.

"சலிக்காத மாதிரி."

"அப்ப பாடம்?"

"அதுதானே சார் சலிச்சுது."

இந்தத் தர்க்கத்தின் ஆழத்தைக் கூட்டம் பயபக்தியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது.

"ஒரு இடத்துல ஒருத்தருக்கு மாறினா, எல்லாப் பிள்ளைங்க புத்தகத்துலயும் மாறிடும் சார்."

"சமத்துவம்!" என்று அத்தியாயம் எழுந்தே நின்றுவிட்டார். தம் எழுத்து எவருக்கும் சலிக்காது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. முதல் சோதனைக்குத் தாம் எழுதிய 'மின்னோட்டம்' பாடத்தையே தாரைவார்த்தார்.

சில வாரங்களில் ஏழாம் வகுப்புக்கு அந்தப் புத்தகம் வந்தது; தேர்வு நெருங்கும்வரை யாரும் அதைத் திறக்கவில்லை. அவருடைய மகளும் ஏழாம் வகுப்புதான். மறுநாள் அறிவியல் தேர்வு என்பதால் சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தியாயம் வாயெல்லாம் பல்லாகப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தம் எழுத்தைத் தம் பிள்ளையே படிப்பது எந்த எழுத்தாளனுக்கு வாய்க்கும்?

"அப்பா, சுவிட்சு அங்க இருக்கு, லைட்டு இங்க இருக்கு. போட்டவுடனே எரியுதே, கரண்டு அவ்வளவு வேகமா ஓடி வருதா?"

"அது... அடுத்த பத்தியில இருக்கும், படி."

"அதைப் படிச்சதாலதான் கேக்கறேன்."

அத்தியாயம் குனிந்து அந்தப் பத்தியைப் பார்த்தார். முதல் வாக்கியத்தைத் தாண்டினார். இரண்டாவதில் கண் சொருகியது. மூன்றாவதில் தாடை கழன்றுவிடும்போல ஒரு கொட்டாவி விட்டார்.

திரை ஒருமுறை சிமிட்டியது. பத்தி காணாமல்போய், அந்த இடத்தில் ஒரு பல்பு இடுப்பை வளைத்து ஆடியது.

"அப்பா! நான் படிச்சிட்டிருந்தேன்!"

"ஆடுது பாரு, நல்லாத்தானே இருக்கு?" என்று சமாளித்தவர், அடுத்த பத்தியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் கொட்டாவி. மறுபடியும் பல்பு. மகள் அவரை அங்கிருந்து கிளப்புவதற்குள் பாடம் முழுக்கப் பல்புகள் ஆடிக்கொண்டிருந்தன. ஊரில் இருந்த எல்லா ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகத்திலும்தான்.

தேர்வில் 'மின்னோட்டம் என்றால் என்ன?' என்ற கேள்விக்குப் பாதிப் பேர் 'பல்பு ஆடும்' என்று எழுதினார்கள். மகள் அந்தக் கேள்விக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தாள். அப்பாவிடம் அவள் பேசவே இல்லை.

பெற்றோர்கள் அலுவலகத்துக்குப் படையெடுத்தார்கள். அவசரக் கூட்டம் கூடியது. எல்லோரையும் முந்திக்கொண்டு அத்தியாயம் கர்ஜித்தார்.

"ஒரு சோம்பேறி மாணவனால வந்த வினை சார் இது! கேமரால பதிவாகியிருக்கும். யாருன்னு கண்டுபிடிக்கணும்!"

பொறியாளர் பதிவைச் சுவர்த் திரையில் போட்டாள். சுவர் முழுக்க ஒரு வாய் பிளந்து நின்றது. அதற்குள் கடைவாய்ப் பல் வரை தெரிந்தது.

"பையனுக்கு வயசு கொஞ்சம் கூடுதலா இருக்கே" என்றார் இயக்குநர்.

அத்தியாயம் திரையை நெருங்கிப் பார்த்தார். அந்த வாய்க்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில், இன்னொரு முகம் இருந்தது. புருவம் சுருங்கி, உதடு அசைய, கண் வரியைவிட்டு விலகாத முகம். இப்படி ஒரு முகத்தைத் தம் எழுத்தின் எதிரில் அவர் இதுவரை பார்த்ததே இல்லை.

"இந்தப் பொண்ணு ஆசையாத்தானே படிக்குது?" என்று ஈனக் குரலில் கேட்டார். "அது ஏன் புத்தகத்துக்குத் தெரியலை?"

"ஆர்வத்தைக் கண்டுபிடிக்கிற வசதி இதுல வைக்கலை சார்" என்றாள் பொறியாளர். "கூட்டத்துல யாரும் கேக்கலையே."