எர்த்து அண்ணனின் கல்லா மண்ணா

பிள்ளைகளின் உடம்பில் கரண்டு ஓடுகிறது என்று மனதார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து எர்த்து அண்ணன்தான்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அவர். ஒண்டிக்கட்டை. "ஸ்கூல்ல நாள் பூரா உக்கார வச்சி சார்ஜ் ஏத்தி அனுப்புறாங்க. பொழுது சாயறதுக்குள்ள எர்த்துல எறக்கலன்னா வூட்டுல எதனா ஒண்ணு ஒடையும்" என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

உடைந்தது எங்கள் வீட்டில். பொம்மைகளுக்குப் பிசிறு சீவிக் கொடுப்பது என் வேலை. சூளைக்குப் போகாத பச்சைப் பிள்ளையார்கள் ஒரு பலகை நிறையக் காய்ந்துகொண்டிருந்தார்கள். என் மகன் கட்டிலிலிருந்து பறந்தான். ஒரு பிள்ளையாருக்கும் தும்பிக்கை மிஞ்சவில்லை. நான் கையை ஓங்கியபோது, ஃபேன் மாட்ட வந்த அண்ணன் வாசலில் நின்றார்.

"அடிக்காதம்மா. அவன் மேல தப்பில்ல, லோடு அதிகம். எங்கிட்ட அனுப்பு."

மூடிக் கிடந்த ஒரு பட்டறையின் பின்புறம் காலி இடம் இருந்தது. அங்கே கிடந்த பீங்கான் சில்லுகளைக் குனிந்து குனிந்து பொறுக்கினார். நாலு நாள் ஆயிற்று. பிறகு தினமும் ஐந்து மணிக்குக் கபடி, நொண்டி, கல்லா மண்ணா. கல்லில் ஏறியவரை விட்டு மண்ணில் நிற்பவரைப் பிடிக்கும் கல்லா மண்ணாவில் பிடிப்பவர் எப்போதும் அவர்தான். பொம்மை வாங்க மங்கலம்பேட்டையிலிருந்து வந்த பாய் ஒருவர் வழி கேட்டார். "மண்ணுல நில்லுங்க பாய், சொல்றேன்" என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். ஒரு மணி நேரம் ஓடிய பாய், வந்த காரியத்தை மறந்து ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பிள்ளைகள் வாயில் சோற்றோடு தூங்கினார்கள். வீட்டுப்பாடம் எழுதுவதில்லை என்று டீச்சர் சண்டைக்கு வந்தார்.

"தூங்குறதும் பாடந்தாங்க டீச்சர்" என்றார் அண்ணன்.

போன மழைக்காலத்தில் ஒரு மாடியில் ஒயர் இழுக்கும்போது வழுக்கி விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. திட்டக்குடியிலிருந்து அவருடைய அக்கா வந்து கூட்டிப்போனார்.

காலி இடத்தில் முள் முளைத்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனோடு மூலையில் உட்கார்ந்தார்கள். என் வீட்டில் ஒரு பொம்மையும் உடையவில்லை. அந்த அமைதியில் எனக்கு வேலை ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடிக்குப் போனேன். கட்டிலில் பாதி ஆளாக இருந்தார்.

"புள்ளைங்க வெளையாடுதுங்களா?"

"அத ஏன்ணே கேக்குறீங்க, சத்தம் தாங்கல."

"கல்லா மண்ணால யாரு புடிக்கிறது?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "நாந்தாண்ணே" என்று வாயில் வந்துவிட்டது.

என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான் என்று அக்கா பின்னால் சொன்னார்.

"ஒருத்தனையும் புடிச்சிருக்க மாட்டியே."

"இல்லண்ணே."

"புடிக்கவும் கூடாதும்மா. புடிச்சிட்டா நின்னுடுதுங்க."

மறுநாள் முள்ளை வெட்டினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நின்றேன். பிள்ளைகள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள்.

இப்போது எனக்கு முட்டி வலி. மாதம் ஒருமுறை திட்டக்குடி போய், யார் எப்படித் தப்பினான் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தால், "அப்பறம்?" என்கிறார். ஊர் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு மறுபடி உட்கார்கிறேன்.