முற்போக்கான ஆள் தேடிய ஞானரட்ணம்

தலைவர் தேடுவோர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு, வாசகரே. எந்த மண்ணிலும் வளரும். பனி கொட்டினாலும் வாடாது. இந்த இனத்தவர் தாங்கள் தலைவராக ஆசைப்பட மாட்டார்கள். அவ்வளவு சின்ன ஆசை அவர்களுக்கு இல்லை. தலைவர் எப்படி இருக்கவேண்டும் என்று ஊருக்குச் சொல்வதுதான் அவர்கள் தொழில்.

எண்பத்தாறாம் ஆண்டு, டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் இந்த இனத்துக்கு ஞானரட்ணம் என்று பெயர். பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். மிச்ச நேரமெல்லாம் கல்வியைச் சீர்திருத்துவார். மகள் யசிந்தாவின் பள்ளிக்கூடத்தை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, இங்கே வாத்தியாரைப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பிரம்பு என்ற சாமானே கிடையாது, சின்ன வகுப்பில் புள்ளிகூடப் போடுவதில்லை என்று அவர் வியந்து வியந்து கதைத்ததில், விருந்துக்கு வந்த எத்தனையோ பேர் சோறு ஆறுவதைப் பார்த்தபடி இருந்தார்கள். அவர் கதை முடியாமல் யார் சோற்றில் கை வைப்பது?

ஆகவே, டென்மார்க்கெங்கும் உள்ள தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடி, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்புக்கு ஒரு பொதுக் கொள்கை வகுக்கவும், அதை அரசாங்கத்தோடு பேசவும் ஒரு தலைவரைத் தெரிவுசெய்வதென்று முடிவானபோது, ஆள் தேடும் பொறுப்பு அவரிடம் தானாகவே வந்து சேர்ந்தது. அதாவது, கேட்டு வாங்கினார்.

ஊரில் வாத்தியாராக இருந்த கந்தையா மாஸ்டரைச் சிலர் சொன்னார்கள். "கந்தையா மாஸ்டர் சரிவராது. அந்தாள் பழைய பஞ்சாங்கம். இன்னும் கனவில பிரம்போட நிக்குது," என்றார். "எங்களுக்கு முற்போக்கான ஆள் வேணும்."

ரயிலேறிக் கப்பலேறி, தலைநகருக்குப் பக்கத்து இஷொய்வரை போய் ஆளையும் பிடித்தார். பவளராணி. மன்னாரில் ஆசிரியை, இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. "மணி மணியான கருத்துகள்!" என்று திரும்பி வந்து கிரின்ஸ்டெட் முழுக்கச் சொன்னார்.

கூட்டம் கூடியது. பவளராணி எழுந்தார்.

"பரிசளிப்பு வேண்டாம். முதலாம் பிள்ளை, கடைசிப் பிள்ளை எண்டும் வேண்டாம்."

ஞானரட்ணம் கைதட்டினார். பாதியில் யசிந்தா பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பை நினைவு வந்தது. கை தானாக நின்றது.

"குழுவில அரைவாசிப்பேர் தாய்மார் இருக்கவேணும்."

ஞானரட்ணம் தண்ணீர் குடித்தார்.

"பிள்ளை என்னவாக வாறதெண்டதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். இஞ்ச இருக்கிற பிள்ளையளையே கேப்பமே?"

முன்வரிசையில் இருந்த யசிந்தா சட்டென்று கையைத் தூக்கினாள். முதலில் டேனிஷில் சொன்னாள், பிறகு தாய்க்கு விளங்கட்டுமென்று தமிழில் சொன்னாள்: "தச்சுவேலை."

மண்டபம் சிரித்தது. மகள் டொக்டராகப் போகிறாள் என்று ஞானரட்ணம் சொல்லாத ஆள் அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

எழுந்தார். தொண்டையைச் செருமினார். "பவளராணி அக்கா அருமையான ஆள். முற்போக்கு அவவிட்ட இருக்கு. ஆனா, கொஞ்சம் கூடிப்போச்சு. முதல்ல ஒரு கட்டுப்பாடு வேணும். நான் கந்தையா மாஸ்டரைப் பிரேரிக்கிறன்."

கந்தையா மாஸ்டர் திடுக்கிட்டுப் போனார். "தம்பி, போன கிழமை நீர்தானே என்னைப் பழைய பஞ்சாங்கம் எண்டு சொல்லித் திரிஞ்சனீர்?"

"அது விமர்சனம், மாஸ்டர்."

பவளராணிக்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். பெண்கள் பக்கம் கைகள் எழுந்தன. ஞானரட்ணத்தின் மனைவி மேரிசெலினின் கை எல்லாவற்றுக்கும் மேலே.

"கையை இறக்கும். ஆக்கள் பாக்கினம்," என்று பல்லைக் கடித்தார் ஞானரட்ணம்.

"பாக்கத்தானே தூக்கினனான்."

பிறகு கந்தையா மாஸ்டரும் கையைத் தூக்கினார். "நானும் அடிச்சடிச்சுக் களைச்சுப்போனன், பிள்ளை. நீங்கள் நடத்துங்கோ," என்றார். அதற்கப்புறம் ஆண்கள் பக்கமும் மளமளவென்று கைகள் எழும்பின. முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, வெல்லும் பக்கம் எது என்று சந்தேகமறத் தெரிந்துகொண்டபின், ஞானரட்ணமும் தூக்கினார். தூக்கியதோடு விட்டாரா? நன்றியுரைக்கும் அவரே எழுந்து, "இவவைக் கண்டுபிடிச்சவன் எண்ட முறையில" என்று தொடங்கி, தேநீர் ஆறும்வரை பேசினார்.

வீட்டுக்குக் காரில் போகும்போது கண்ணாடியில் மகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாவம், உள்ளுக்குள் மெய்யாகவே வலித்தது. கடைசியில் கேட்டார்: "தச்சுவேலை படிச்சிட்டு, பிறகு டொக்டருக்குப் படிக்கலாமோ, பிள்ளை?"

"படிக்கலாம் அப்பா," என்றாள் யசிந்தா. "நீங்களே படியுங்கோவன்."

மேரிசெலின் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

இதற்குள் உங்களுக்குத் தெரிந்த நாலைந்து ஞானரட்ணங்கள் நினைவுக்கு வந்திருப்பார்கள், வாசகரே. தயங்காமல் அவர்களிடம் இதை வாசிக்கக் கொடுங்கள். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்து, "அச்சொட்டாய் நீங்கள்தான்!" என்று உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். முகம் மாறாமல் வாங்கிக்கொள்ள இப்போதே பழகி வையுங்கள்.