சட்டைப் பையில் ஒரு கும்பெனிச் சிப்பாய்

பெண் பார்க்கப் போகிற அன்று மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். மற்றதைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். எனக்கு அந்தச் சும்மாதான் வரவில்லை.

அப்போது எனக்கு வங்கியில் வேலை, காளவாசல் பக்கம் வாடகை வீடு. வெளியே சொல்லாத ஒரு பழக்கமும் உண்டு. (பதற வேண்டாம், பொம்மைதான்.) விரல் உயர ஈயச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசுவேன். மேசையில் மலையும் கோட்டையும் அமைத்து, ஒரு பக்கம் கும்பெனிப் படை, மறுபக்கம் பாளையக்காரர் படை என்று நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவோம். ஆடுவது நானும் நண்பன் செந்திலும் மட்டும். அவன் முந்திக்கொண்டு பாளையக்காரர்களை எடுத்துக்கொண்டதால் வெள்ளைக்காரர்கள் என் தலையில் விழுந்தார்கள்.

அன்று காலை பார்த்துச் சிவப்பு தீர்ந்துபோனது. சிவப்புக் கோட்டு போடாத சிப்பாயை விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஹார்டுவேர் கடைக்கு ஓடி, கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டை வாங்கி வந்து தாராளமாகப் பூசினேன். காய ஒரு நாளாகும் என்று கடைக்காரர் சொன்னது காதோடு நின்றுவிட்டது.

ஒரு கண் வைத்து, மறு கண்ணுக்குத் தூரிகையைத் தூக்கியபோது வாசலில் வேன் ஹாரன்.

"டேய், நல்ல நேரம் போகுது. வாரியா, நாங்களே போயி பேசி முடிக்கவா?" என்றாள் அம்மா.

பொம்மையோடு ஓடினேன். அம்மா திரும்புவதற்குள் அதைச் சட்டைப் பையில் போட்டேன். வெள்ளைச் சட்டை. புதுசு. வேனில் பழத்தட்டை என் மடியில் வைத்தார்கள். எழுமலை வரைக்கும் ஒவ்வொரு குலுங்கலுக்கும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

பெண் வீட்டில் நடு நாற்காலி கொடுத்தார்கள். தட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கல்லூரியில் பாடம் நடத்தும் பவித்ரா காபியோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ரத்தம் வருது" என்றாள் மெதுவாக.

குனிந்தேன். சரியாக இதயத்தின் மேல், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அடுத்த நொடி பெண்ணின் தாய்மாமா என்னைத் தூக்கிப் பாயில் கிடத்திவிட்டார். (கரும்புக்கட்டு தூக்கிப் பழகிய உடம்பு.) யாரோ உள்ளங்காலைத் தேய்த்தார்கள். "காலையில கூட எட்டு இட்லி தின்னானே" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

"பெயிண்ட்... பெயிண்ட்..." என்றேன்.

"பெயினாம்ப்பா, வண்டிய எடு" என்றார் மாமா.

மூச்சு விடட்டும் என்று அவர் என் சட்டையைத் திறந்தபோது, துப்பாக்கியும் கையுமாகச் சிப்பாய் உருண்டு விழுந்தான். மாமா அவனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு மாப்ள இது?"

"கும்பெனிச் சிப்பாய் மாமா. சண்டை விளையாட்டு. பாளையக்காரங்களும் இருக்காங்க."

"நீங்க எந்தப் பக்கம்?"

பொய் சொல்லியிருக்கலாம். "வெள்ளைக்காரங்க பக்கம்."

"ஜெயிக்கிறது?"

"பெரும்பாலும் நாங்கதான்."

அந்த 'நாங்க'வைத் தவிர்த்திருக்க வேண்டும். மாமாவின் முகம் இறுகியது. "வெள்ளக்காரன் போயி இம்புட்டு வருசமாச்சு. இன்னும் அவனுக்குச் சட்டை மாட்டிவிட ஒருத்தன். அவன் நம்ம வீட்டுக்கா வரணும்?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பவித்ரா அந்தச் சிப்பாயை வாங்கிப் பார்த்தாள். "இவனுக்கு ஒரு கண்ணுதான் இருக்கு."

"இன்னொன்னு வைக்கிறதுக்குள்ள அம்மா கூப்டுட்டாங்க" என்றேன், பாயில் படுத்தபடியே.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டதாம். சாயங்காலம் மாமாவே போன் செய்தார்: "புள்ளைக்குச் சம்மதம். நிச்சயத்துக்கு வாரப்ப சட்டைப் பையை மட்டும் பாத்துக் கூட்டிட்டு வாங்க."

கல்யாணத்தன்று எழுமலை பஸ் ஸ்டாண்டில் மச்சான்கள் ஆளுயர பிளக்ஸ் வைத்திருந்தார்கள். சிவப்புக் கோட்டு, கையில் துப்பாக்கி, கழுத்துக்கு மேல் என் தலை. 'எங்கள் வீட்டை ஆள வரும் துரையே வருக!'

அந்த பிளக்ஸ் இன்னும் கிழியவில்லை. மாமா வீட்டு வைக்கோல் போரை அதுதான் மூடியிருக்கிறது. நாங்கள் விருந்துக்குப் போயிருக்கும்போது வானம் கறுத்தால், உள்ளேயிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்: "மழை வருது, துரைய இழுத்து மூடுங்கப்பா."

நான்தான் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய், என் முகத்தை இழுத்துக் கட்டிவிட்டு வருவேன்.