விற்றது கொல்லை, போனது வீடு

வடக்குப்பட்டு

மதிப்பிற்குரிய கோபால் மாமாவுக்கு,

எங்கள் வீட்டை விற்றது நீங்கள்தான். மாமியும் பிள்ளைகளும் சுகமா என்று இதற்குப் பிறகு கேட்கிறேன். சுகமாகத்தான் இருப்பார்கள், சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

லாரி நிறுத்த இடம் கேட்ட பக்கத்துக் கம்பெனிக்கு நாங்கள் விற்றது ஏரிக்கரைக் கொல்லை நிலத்தை. தாத்தாவின் பாகப் பத்திரத்தில் கொல்லையும் வீட்டுமனையும் அடுத்தடுத்து இருக்கின்றன. அதைப் பார்த்துப் பத்திரம் எழுதிய நீங்கள், கொல்லையை விட்டுவிட்டு மனையின் சர்வே நம்பரையும் எல்லைகளையும் எழுதிவிட்டீர்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒருதரம் படிக்கிறேன் என்றேன். "தம்பி எழுதினத சந்தேகப்பட்டுப் படிச்சா அவன் இன்னா நெனச்சுக்குவான்?" என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள். கம்பெனி ஆளும் படிக்கவில்லை, அவனுக்கு லஞ்ச் டைம். பத்திரத்துல இருக்கறதுதான் எங்களுதுன்னு இப்போ கம்பெனி வீட்டைச் சுத்தி வேலி போட்டுடுச்சு. ஷிப்ட் முடிச்சு சுங்குவார்சத்திரத்துல இருந்து வந்தா, எங்க வாசல்லயே செக்யூரிட்டி "கேட் பாஸ் கீதா?"ன்னு கேக்குறான். உள்ள அம்மா இட்லி ஊத்திக்கினு இருக்கா. அவள விசிட்டர்னு எழுதி வச்சிருக்கான்.

ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் அம்சவல்லியைப் பார்த்தேன். "ரெண்டு தரப்பும் கொல்லைய மனசுல வச்சுத்தான் கையெழுத்துப் போட்டீங்க, எழுத்துலதான் தப்புன்னு நிரூபிச்சா, கோர்ட்டே பத்திரத்தத் திருத்தச் சொல்லும். நீங்க மட்டும் தப்பா நெனச்சீங்கன்னு ஆயிட்டா கஷ்டம்மா" என்றார். வாங்கும் முன் கம்பெனி அளந்து கல் நட்டது கொல்லையில்தானே என்று குதித்தேன். அதுக்குப் பதிலா கம்பெனிக்காரங்க வக்கீலுக்கு ஒரு போட்டோ அனுப்பினாங்க. வீட்டச் சுத்தி வேலிக்கு அளக்குறாங்க, டேப்போட ஒரு முனையப் புடிச்சுக்கினு அப்பா சிரிக்கிறாரு.

"இன்னாப்பா இது?"

"வெயில்ல வந்துகிறாங்க, பாவம். வூட்டுக்கு சும்மா வேலி போட்டுத் தராங்கன்னு நெனச்சேன்."

டீ வேற குடுத்திருக்காரு. நெலத்த வளைக்க வர்றவனுக்கெல்லாம் டீ குடுத்துக் குடுத்தே இந்த ஊர்ல பாதி மதிலுக்கு அந்தாண்ட போச்சு மாமா.

மிச்சம் இருக்கும் சாட்சி நீங்கள் ஒருவர்தான். 'நான்தான் மாற்றி எழுதினேன்' என்று கோர்ட்டில் வந்து சொல்லுங்கள். வழக்கு நிற்கும்.

மாமிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் பேனாவுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ரஞ்சனி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கம்பெனி வக்கீல் வந்து போய்விட்டார். "என் தம்பி தப்பா எழுதவே மாட்டான் சார், எங்க மனசுல இருந்ததத்தான் எழுதினான்" என்று அம்மா எழுத்துமூலமாகவே கொடுத்துவிட்டாள். "அவன் பத்திரம் எழுதுற லைசென்ஸு போச்சுன்னா புள்ளைங்க இன்னா துன்னும்?" என்று என்னிடம் அழுகிறாள். மேலே எழுதியது எதுவும் இனி உதவாது. போன் பண்ணினால் கட் பண்ணுகிறீர்கள். கோர்ட்டுக்கு வேண்டாம், அம்மாவிடமாவது சொல்லுங்கள். நீங்க தப்பா எழுதினீங்களா இல்லியா மாமா?