ஒன்பதாம் எண்ணில் இருந்த காளான்

சித்தூர்,
மிஷன் காம்பவுண்டுக்குப் பின்தெரு.

பதிப்பாசிரியர் திரு. பூவராகவன் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை கிருபாபாய் எழுதும் மடல். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். என்னைப் பொறுத்தவரை மூட்டுகள் நலம், மற்றவை நலமில்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. திருப்பதிக் கூட்டத்தில் நான் பேசியதை மனம் திறந்து பாராட்டியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நம்பி, வங்காள நாவலைத் தமிழாக்கிய டெபோராவிடமிருந்து அடுத்த நாவலைத் திரும்ப வாங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நாவலில் உள்ள செடிகொடிப் பிழைகள் அனைத்தும் என்னுடையவை. டெபோராவுக்கு அவற்றில் பங்கில்லை. கீழே போகப் போக எனக்குத் துணிவு குறையக்கூடும் என்பதால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

டெபோரா என் பழைய மாணவி. செய்முறைத் தேர்வில் அவளை இரண்டு முறை தோல்வியுறச் செய்தவள் நான்தான். பின்னர் அவள் வேலூரில், சிகிச்சைக்காகக் கல்கத்தாப் பக்கமிருந்து வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகளில் துபாஷியாகப் பத்து வருஷம் வேலை பார்த்து, ஊரார் வயிற்றுவலிகளின் வழியாகவே வங்காள மொழி கற்றுக்கொண்டாள். எழுதப் படிக்கவும் தானே பழகினாள். நாவலில் வரும் செடிகொடிகளின் வங்காளப் பெயர்களை எண்ணிட்டு, முப்பத்தொன்றையும் ஒரு தாளில் எழுதி, இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டு என்னிடம் வந்தாள். கதையையும் கையோடு கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். ஒரு செடியை அடையாளம் காண அதன் பெயரும் நல்ல தாவர நூல்களும் போதும், அதன் நிழலில் யார் யாரைக் காதலித்தார் என்பது தேவையில்லை என்பது அன்றைய என் கொள்கை. முன்னுரையில் நன்றி சொல்லட்டுமா என்றாள். கதைப் புத்தகத்தில் என் பெயர் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதனால்தான் தங்களுக்கு இதுவரை எதுவும் தெரியவில்லை.

மூன்று வாரம் உழைத்தேன். பட்டியலில் ஒன்பதாவதாக 'பேங்கேர் சாத்தா' என்று இருந்தது. தவளைக்குடை, நாம் நாய்க்குடை என்கிற காளான். காளான் தாவரம் அன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் மேசையைத் தட்டி நான் வகுப்பில் சொன்ன உண்மை இது. அதைத் தாவரங்களின் நடுவே, அதுவும் என் மாணவி, எண் கொடுத்து உட்கார வைத்திருப்பதைக் கண்டதும் எரிச்சல் வந்தது. அதை விட்டுவிட்டுப் பத்தாவதாக இருந்த ஷிவ்லிக்கு, அதாவது பவளமல்லிக்கு, ஒன்பது என்று எண்ணிட்டு மேலே போனேன். வங்காளப் பெயர்களைத் திருப்பி எழுதவுமில்லை. எண்ணும் விடையும் மட்டுமே. தேர்வுத்தாளோடு வாழ்ந்தவளின் பழக்கம். காளான் தாவரம் அன்று என்பது இன்றும் சரி. அதற்குப் பின் அந்த நாவலில் எதுவும் சரியில்லை.

புத்தகம் வந்து, விமர்சனக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தபோதுதான், சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், கையில் பென்சிலோடு அதை முதன்முதலாகப் படித்தேன். கதாநாயகி விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும், தொட்டாலே அரிக்கும் செந்தட்டியை மடி நிறைய அள்ளி முகத்தில் ஒற்றிக்கொண்டு கண்மூடி நிற்கிறாள்; அங்கே இருந்திருக்க வேண்டியது பவளமல்லி. பள்ளிப் பிள்ளைகள் வாத்தியாரின் நாற்காலியில் வள்ளைக்கீரையைத் தேய்த்து வைக்கிறார்கள், அவர் அலறிக்கொண்டு ஓடிக் குளத்தில் குதிக்கிறார். செந்தட்டி போயிருக்க வேண்டிய இடம் அந்த நாற்காலி. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு அத்தை எருக்கிலையைப் பூண்டு போட்டு வதக்கிப் பரிமாறுகிறாள், அவர் இன்னொரு கரண்டி கேட்கிறார். ஏழிலைப்பாலை மரத்துப் பேயோ சேப்பங்கிழங்குச் செடியின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறது. செந்தட்டிக் காட்சி பெண்ணின் துயரத்துக்குக் குறியீடு என்று தங்கள் சென்னை விமர்சகர் ஒருவர் இரண்டு பத்தி எழுதியிருந்தார். தாங்களும் அச்சுக்கு முன் படித்திருப்பீர்கள். ஒருவருக்கும் அரிக்கவில்லை என்பதில் எனக்கு வியப்புண்டு. ஆயினும் பிறரைக் குறைசொல்லும் தகுதி இந்த மடலில் எனக்கில்லை.

சந்திரகிரி தாண்டுவதற்குள் பென்சில் முனை இருமுறை முறிந்தது. நான் உழைத்துக் கொடுத்த பட்டியலை இந்தப் பெண் தூக்கி எறிந்துவிட்டுத் தன் மனம்போல் எழுதியிருக்கிறாள் என்று தீர்மானித்தேன். மேடையில் இருபது நிமிஷம் பேசினேன். "தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதவும் தெரியாதவர்" என்றேன். நாராயணவனத்திலிருந்து வந்திருந்த வரதராஜன் என்கிற ஓய்வுபெற்ற தாசில்தார் கூட்டத்தில் எழுந்து, "வள்ளக்கீரய எங்கூட்ல வாரத்துக்கு ரெண்டு தபா துன்னுகினு இருக்கறம் மேடம், ஒருத்தனும் ஏரில குதிக்கலயே!" என்றார். அரங்கம் சிரித்தது. "குதிக்கும்போது எனக்குச் சொல்லியனுப்புங்கள்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். முன்வரிசையில் டெபோரா தலைகுனிந்து, மடியிலிருந்த கைப்பையின் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு என்று எண்ணினேன். நான் எழுதிக் கொடுத்த தாள் அந்தப் பையில்தான் இருந்தது என்பதைத் திரும்பும் வழியில் அவள் பழம் எடுக்கப் பையைத் திறந்தபோதுதான் கண்டேன்.

திரும்பும் பஸ்ஸிலும் அவளே எனக்கு இடம் பிடித்தாள். "ஜன்னலாண்ட ஒக்காருங்க மேடம், காத்து வரும். எப்படி வேர்த்துக்குது பாருங்க" என்று கமலாப்பழத்தை உரித்துப் பாதியைக் கொடுத்தாள். ஒரு நன்றியும் சொல்லாமல் தின்றேன்.

தங்கள் கடிதம் வந்ததும், டெபோராவின் அலட்சியத்துக்கு ஆதாரமாக என் பட்டியலின் கார்பன் நகலைத் தங்களுக்கு அனுப்பலாமென்று எடுத்து, அவள் கொடுத்த பட்டியலின் பக்கத்தில் வைத்தேன். எட்டு வரை ஒத்துப்போயிற்று. ஒன்பதில் காளானுக்கு நேரே பவளமல்லி நின்றது. பத்தில் ஷிவ்லிக்கு நேரே செந்தட்டி. அதற்குமேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை, பார்த்தேன். அவள் என் எழுத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை.

இது நடந்து மூன்று ஞாயிறுகள் ஆகின்றன. சபையில் எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளிப் பின்னால் அவள் உட்காருகிறாள். அவள் குரல் கேட்கும்போது பாட்டுப் புத்தகத்தில் எனக்குப் பக்கம் கிடைப்பதில்லை. ஆராதனை முடியுமுன் பக்கவாசலால் வெளியேறிவிடுகிறேன். எழுபத்தாறு வயதில், பரீட்சைக்குப் பயந்த பிள்ளையைப் போல!

ஆகவே வேண்டிக்கொள்வது: அடுத்த நாவலை டெபோராவிடமே திருப்பிக் கொடுங்கள். பத்து வருஷம் லாட்ஜுப் படிகளில் ஏறி இறங்கிக் கற்ற மொழி அவளுடையது. அதை என் இருபது நிமிஷம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. விற்காத பிரதிகளில், "செடிப்பெயர்கள் எண் மாறிய கைத்தவறால் பிழைபட்டன, தவறு கிருபாபாயுடையது" என்று என் முழுப்பெயரோடு ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். சரியான பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றும் இருக்கின்றன. ஒன்பதாவது காளான். அது தாவரம் அன்று என்று அடிக்குறிப்புப் போட வேண்டாம்.

தங்கள் பதிப்பகம் தழைக்கட்டும். தங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கு ஆண்டவர் நல்ல கண்களை அருளட்டும்.

இப்படிக்கு,
கிருபாபாய்

பி.கு.: உறையை ஒட்டுமுன் டெபோராவை வரவழைத்து இதைப் படிக்கச் சொன்னேன். மேடையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அத்தினி பேர் எதிர்ல உங்கள எப்படி மேடம்..." என்றாள். பிறகு விரலைக் 'கைத்தவறு' என்ற சொல்லின் மேல் வைத்து, "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் போன் பண்ணேனே மேடம்" என்றாள். நினைவில்லை என்றேன். நினைவிருந்தது. "முப்பத்தொண்ணு கேட்டேன், முப்பதுதான் வந்துக்குது மேடம். அந்தப் பொண்ணு செந்தட்டிய மூஞ்சில ஒத்திக்கினு நிக்குதே, அரிக்காதா?" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன விடை: "வங்காளத்துச் செந்தட்டி அரிக்காது. பாட்டனி நடத்தினது நீயா, நானா? எழுதினதப் போடு." போனையும் வைத்துவிட்டேன். ஆகவே திருத்தச் சீட்டில் 'எண் மாறிய கைத்தவறால்' என்பதை நீக்கி, 'கேட்டபோதும் திருத்த மறுத்ததால்' என்று அச்சிடுங்கள். வங்காளத்துச் செந்தட்டியும் அரிக்கும்.